பகல் வானத்தின் கீழ் ஓர் இரவு வீடு

ஆசிரியர் கலாசாலையில் நான் பயிற்சி பெற்ற 2004ஆம் ஆண்டில், அழகியற் கல்வி விரிவுரையொன்றின்போது எங்களுக்கு மூன்று தாள்கள் தரப்பட்டன. ஐரோப்பிய ஓவிய இயக்கங்கள் பற்றிய குறிப்புகள். பிரதிக்குப் பிரதி எடுத்ததால் எழுத்துக்களே மங்கிப் போயிருந்தன. படங்களின் கதியைச் சொல்லத் தேவையில்லை. கடைசித் தாளின் அடியில் தீப்பெட்டியளவில் ஒரு படம். ஒரு வீடு, ஒரு பெரிய மரம், ஒரு தெரு விளக்கு. கீழே ரெனே மக்ரித், பெல்ஜியம், சர்ரியலிசம் என்று எழுதியிருந்தது. இரவுக் காட்சி என்று எண்ணிக்கொண்டேன். சர்ரியலிசம் என்றால் டாலியின் உருகி வழியும் கடிகாரங்கள் என்று மனப்பாடம் செய்திருந்த எனக்கு, இந்தச் சாதாரண வீடு அந்தத் தாளுக்குள் எதற்காக வந்தது என்று விளங்கவில்லை. விளங்காததைக் கேட்கவுமில்லை. பரீட்சையில் குறிப்பிலிருந்ததை அப்படியே எழுதினேன், சித்தியும் அடைந்தேன்.

அந்தப் படத்தை வர்ணத்தில் காண எனக்குப் பதினைந்து வருடங்கள் பிடித்தன. 2019இல் கொழும்பில் பழைய புத்தகக் கடையொன்றில், அட்டை கழன்ற ஒரு கலை நூலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அதே வீடு. அதே மரம். அதே விளக்கு. ஆனால் மேலே வானம் பளிச்சென்ற நீலம்! வெண்பஞ்சு மேகங்கள் மிதக்கும் நண்பகல் வானம். கீழே நள்ளிரவு. கடைக்காரர் விலை சொன்னதுகூட எனக்குக் கேட்கவில்லை. கறுப்பு வெள்ளைப் பிரதியில் வானமும் தெருவும் ஒரே சாம்பல் நிறமாகிவிட்டிருந்ததால், அந்த ஓவியத்தின் ஒரேயொரு விசயம் எதுவோ அதை மாத்திரம் பார்க்காமல் அதைப் பற்றி விடை எழுதிச் சித்தியடைந்தவன் நான்.

அந்தப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஊர் திரும்பும்போது இன்னொன்றும் ஞாபகத்துக்கு வந்தது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

ஓவியத்தின் பெயரைத் தமிழில் ‘ஒளியின் பேரரசு’ எனலாம். முற்றிலும் பொருந்துகிறதா என்பது வேறு விடயம். பிரெஞ்சு மூலத்தில் ஒளி பன்மையில் இருக்கிறது. அந்தப் பன்மைச் சொல்லுக்கு, பகுத்தறிவை முன்னிறுத்திய 18ஆம் நூற்றாண்டின் அறிவொளிக் காலம் என்ற பொருளும் உண்டு. பேரரசு என்பதற்கும் ஆளப்படும் நிலம், ஆளும் வல்லமை என இரு பொருள்கள். ‘ஒளிகளின் ஆட்சி’ என்றும் சொல்லிப் பார்த்தேன், நாக்கில் ஏறவில்லை. பெயரை வைத்தவர் ஓவியரல்லர், அவரது நண்பரான போல் நூஜே. கவிஞர், சீவனோபாயத்துக்கு ஆய்வுகூடத்தில் உயிர் இரசாயனவியலாளராக வேலை பார்த்தவர். மக்ரித் ஓர் ஓவியத்தை முடித்ததும் நண்பர்களைக் கூட்டி வைத்துப் பெயர் கேட்பது வழக்கம். படத்தை விளக்கிவிடும் பெயர் எதையும் அவர் ஏற்கமாட்டார். பார்ப்பவன் பெயரைப் பிடித்துக்கொண்டு பழகிய வீட்டுக்குள் நுழைந்துவிடக் கூடாதாம்.

சர்ரியலிசத்தை நம்மவர்கள் மிகையதார்த்தவாதம், மீயதார்த்தவாதம் என்றெல்லாம் எழுதுகிறார்கள். எந்தப் பெயரால் அழைத்தாலும் அது போரின் பிள்ளை என்பதை மறந்துவிடக் கூடாது. முதலாம் உலகப் போரின்போது அந்த்ரே பிரெதோன் என்ற இளைஞர் மருத்துவ மாணவராக இருந்து இராணுவத்தில் சேர்க்கப்பட்டு, 1916இல் பிரான்சின் சென் திசியேயில் மனநிலை பாதிக்கப்பட்ட படையினரைப் பராமரிக்கும் நிலையமொன்றில் பணியாற்றினார். பகுத்தறிவையும் விஞ்ஞானத்தையும் பெருமையாகப் பேசிய நாடுகளே ஒன்றையொன்று பதுங்கு குழிகளுக்குள் கொன்று குவித்ததைப் பார்த்த தலைமுறை அது. 1899இன் இறுதியில் வெளியான பிராய்டின் கனவு பற்றிய நூல் அவர்களுக்கு வேறொரு கதவைத் திறந்தது. விழித்திருக்கும் அறிவு இவ்வளவு அழிவைத் தந்ததென்றால், உறங்கும் மனதிடம் கேட்டுப் பார்க்கலாமே என்றார்கள். 1924இல் பிரெதோன் வெளியிட்ட பிரகடனத்தோடு இயக்கம் பாரிஸில் உருவெடுத்தது. சர்ரியலிசம் என்ற சொல்லை அதற்கு முன்பே, 1917இல், அப்பொலினேர் என்ற கவிஞர் உண்டாக்கிவிட்டிருந்தார். (நமது நாட்டிலும் இதன் காற்று வீசாமலில்லை. 1900 முதல் 1944 வரை வாழ்ந்த லயனல் வென்டின் புகைப்படங்கள் சிலவற்றைப் பார்த்தவர்கள் இதனை ஒப்புக்கொள்வார்கள்.)

மக்ரித் இந்தக் கூட்டத்தில் ஒருவர்தான். ஆனாலும் ஒட்டாத ஒருவர். 1898 நவம்பர் 21இல் பெல்ஜியத்தின் லெசீன் என்ற ஊரில் பிறந்தார். 1912இல், அவருக்குப் பதின்மூன்று வயதாக இருக்கும்போது, தாய் இரவில் வீட்டை விட்டு வெளியேறி சாம்பர் ஆற்றில் விழுந்து உயிரை மாய்த்துக்கொண்டார். உடலை மீட்டபோது இரவு உடை முகத்தை மூடியிருந்ததாகவும், 1928இல் முகங்களைத் துணியால் மூடி அவர் வரைந்த காதலர்களுக்கு அதுவே காரணமென்றும் ஒரு கதை உலவுகிறது. சிறுவன் அந்தக் காட்சியைக் கண்டானா என்பதையே ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள். மக்ரித்துக்கும் இத்தகைய வியாக்கியானங்கள் பிடிக்காது. ஒரு மனிதனின் மிகப் பெரிய துயரத்தை எடுத்து அவனது வேலைக்குத் திறவுகோலாகச் செருகுவது எனக்கும் உவப்பானதல்ல.

பிரசெல்ஸில் ஓவியம் கற்றபின் அவர் பார்த்த வேலை, சுவருக்கு ஒட்டும் அலங்காரத் தாளுக்கு வடிவம் கீறுவது. பின்னர் விளம்பரச் சுவரொட்டிகள். 1923 அளவில் நண்பரொருவர் ஒரு சஞ்சிகையிலிருந்த படத்தைக் காட்டினார். இத்தாலிய ஓவியர் தெ கிரிக்கோ 1914இல் வரைந்த ‘காதல் பாடல்’. ஒரு பண்டைய சிலையின் தலை, பக்கத்தில் ஆணியில் தொங்கும் இறப்பர் கையுறை, கீழே ஒரு பந்து. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று பொருட்கள். அதைப் பார்த்து மக்ரித்தின் கண்கள் கலங்கிவிட்டன என்பதை அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அவர் பார்த்ததும் மூல ஓவியமல்ல, சஞ்சிகைப் பிரதிதான். நானும் பிரதிதான் பார்த்தேன். அவருக்குக் கண் கலங்கியது. நான் பரீட்சை எழுதினேன்.

1927இல் பாரிஸுக்கு அருகே குடியேறி, 1930இல் பிரசெல்ஸுக்கே திரும்பிவிட்டார். அந்த மூன்று வருடங்களின் இறுதியில் நடந்த ஒரு சம்பவத்தைக் குறிப்பிடாமல் விட முடியவில்லை. 1929 டிசம்பரில் பிரெதோன் கூட்டிய சந்திப்பொன்றுக்கு மக்ரித்தின் மனைவி ஜோர்ஜெத் கழுத்தில் சிறியதொரு சிலுவை அணிந்து போனார். மத எதிர்ப்பைக் கொள்கையாகக் கொண்ட பிரெதோன் அதைக் கழற்றச் சொன்னார். அவர் மறுத்தார். கணவனும் மனைவியும் எழுந்து வெளியேறினர். மனிதனின் அடிமனதுக்கு முழு விடுதலை கேட்டவர்கள் ஒரு பெண்ணின் கழுத்து மாலைக்கு இடம் கொடுக்கவில்லை.

திரும்பி வந்தவர் பிரசெல்ஸின் ஜெத் பகுதியில் எசெகம் வீதி 135ஆம் இலக்க வீட்டில் 1954 வரை வாழ்ந்தார். தனியான ஓவியக்கூடமெல்லாம் இல்லை. சாப்பாட்டறையின் ஒரு மூலையில் தாங்கியை நிறுத்தி, கோட்டும் சூட்டும் அணிந்து, காரியாலய உத்தியோகத்தர் போல வரைவார். பிற்பகலில் கபேயில் சதுரங்கம். மாலையில் நாயோடு நடை. பணமுடை வந்தபோது சகோதரரோடு சேர்ந்து வீட்டுத் தோட்டத்துக் கொட்டிலில் விளம்பர வேலை செய்தார். மர்மங்களை வரைந்தவருடைய வாழ்க்கையில் அயலவர் பேசுவதற்கு மர்மம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

1940 மே மாதம் ஜேர்மனியப் படைகள் பெல்ஜியத்துக்குள் நுழைந்தன. மக்ரித் தென் பிரான்சுக்கு ஓடி, சில மாதங்களில் திரும்பி வந்தார். 1944 செப்டெம்பரில் பிரசெல்ஸ் விடுவிக்கப்படும் வரை ஆக்கிரமிப்பின் கீழ் வாழ்ந்தார். அந்த வருடங்களில் ஐரோப்பிய நகரங்களில் இருட்டடிப்புச் சட்டம். விமானங்களுக்கு இலக்குத் தெரியக் கூடாதென்று யன்னல்களுக்குக் கறுப்புத் துணி. தெரு விளக்குகள் அணைந்தும் மங்கியும் கிடந்தன. இருள் சூழ்ந்த அந்தக் காலத்தில்தான், 1943 முதல் சில வருடங்களுக்கு, அவர் ரெனுவாரின் பாணியில் வெயில் கொட்டும் படங்களை வரைந்தார். யாருக்கும் பிடிக்கவில்லை. 1948இல் பாரிஸில் வேண்டுமென்றே கோமாளித்தனமாக வரைந்து ஒரு கண்காட்சி வைத்தார். அதுவும் எடுபடவில்லை. பழைய அமைதியான கைக்குத் திரும்பினார். 1949இல் ‘ஒளியின் பேரரசு’ வரிசையின் முதலாவது ஓவியம் பிறந்தது.

ஐந்து வருடங்களுக்கு முன்வரை தெரு விளக்கெரிவதே ஆபத்தாக இருந்த நகரத்தில், ஓர் ஓவியர் தெரு விளக்கொன்றைப் படத்தின் நடுவில் ஏற்றி வைக்கிறார். இந்தத் தொடர்பை நான் எந்த ஆய்விலும் வாசித்ததில்லை. இது என்னுடைய யூகம். 1990இல் எனக்குப் பத்து வயது. கிழக்கிலே அந்த வருடத்தின் இரவுகள் எப்படியிருந்தன என்பதை இச்சஞ்சிகை வாசகர்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. மஃரிபுக்குப் பிறகு விளக்கை ஊதி அணைத்துவிட்டு, உம்மா எங்களைப் பேசாமல் இருக்கச் சொல்வார். பல நாட்களுக்குப் பின் ஓர் இரவு, எதிர்வீட்டு யன்னலில் வெளிச்சத்தைப் பார்த்தபோது உண்டான உணர்வுக்கு இன்னும் எனக்குப் பெயர் தெரியாது. ஆறுதலா? பயமா? மக்ரித்தின் வீட்டு யன்னலைப் பார்க்கும்போது அதுவே திரும்பி வருகிறது. ஆகவே எனது யூகத்தை அந்தளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளவும்.

இனி ஓவியத்துக்குள் போவோம். மேற்பாதி பகல், கீழ்ப்பாதி இரவு. பலகைகள் மூடிய வீடு. மாடியில் ஓரிரு யன்னல்களில் மஞ்சள் வெளிச்சம். வாசலுக்கு முன் ஒரு விளக்குக் கம்பம். 1954இல் வரைந்த சிலவற்றில் வீட்டுக்கு முன்னே தண்ணீர் தேங்கி நிற்கிறது. விளக்கின் நிழல் அதில் நடுங்குகிறது. மனிதர் எவருமில்லை. பேய் பிசாசும் இல்லை, உருகும் கடிகாரமும் இல்லை. வானத்தில் நாம் காணாத எதுவுமில்லை, தெருவிலும் இல்லை. தூரிகையின் தடமே தெரியாமல், சுவரொட்டிக் கலைஞனின் மழமழப்பான கையால் ஒவ்வொன்றும் உள்ளபடியே வரையப்பட்டிருக்கிறது. இரண்டு உண்மைகளைச் சேர்த்ததில் ஒரு நடவாத காரியம் உண்டாகிவிட்டது.

நான் புத்தகத்திலிருந்து வர்ணப் பிரதியெடுத்துத் தரம் 9 மாணவர்களிடம் காட்டினேன். முதலில் எவரும் எதையும் கவனிக்கவில்லை. “ஊடு சேர்”, “மரம் சேர்” என்றார்கள். ஒரு நிமிடம் கழித்துத்தான் பின்வரிசையில் ஒருத்தி, “சேர், இது பகலா ராவா?” என்றாள். வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. மஃரிப் நேரம் என்றான் ஒருவன். நியாயமான விடைதான். அந்தி வேளையில் நிலம் இருண்ட பின்னும் வானத்தில் வெளிச்சம் நிற்கும். “மஃரிபுக்கு வானம் இப்பிடி நீலமா இரிக்காது. இது ளுஹர் நேரத்து வானம்” என்று மற்றவன் மறுத்தான். கடற்கரைப் பிள்ளைகள் வானத்தில் பிழைவிட மாட்டார்கள். பிறகு ஒரு கொப்பியை எடுத்து மேற்பாதியை மறைத்துக் காட்டினேன்; சாதாரண இரவு. கீழ்ப்பாதியை மறைத்தேன், சாதாரண பகல். கொப்பியை எடுத்தபோது வகுப்பில் சத்தமில்லை.

எங்கே ஒட்டியிருக்கிறது என்று தேடச் சொன்னேன். அவர்கள் கண்டுபிடித்தார்கள்: மரம்! கீழே இருளில் வேர்விட்டு, மேலே வெளிச்சத்துக்குள் கறுப்பாகவே எழுந்து நிற்கிறது அது. பகல் வானத்துக்கு முன் நிற்கும் மரம் பச்சையாகத் தெரிய வேண்டும். ஆனால் வெளிச்சத்துக்கு எதிரே நிற்கும் மரம் கறுப்பாகத் தெரிவதும் நாம் கண்டதுதானே! அந்தப் பழக்கத்தைப் பயன்படுத்தித்தான் மக்ரித் நம்மைப் பகலிலிருந்து இரவுக்குள் சத்தமில்லாமல் இறக்கிவிடுகிறார். தையல் தெரியாத தையல். அவருடைய தகப்பனார் தையற் தொழிலோடு சம்பந்தப்பட்டவர் என்பது தற்செயல்தான்; ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

இதைக் கனவு போன்றது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நானும் அப்படித்தான் எழுத எண்ணினேன். மக்ரித் இதை முழுதாக ஒப்புக்கொள்ளமாட்டார். பாரிஸ்காரர்கள் கையை மனதின் போக்குக்கு விட்டு எழுதினார்கள், வரைந்தார்கள். பிரசெல்ஸ் குழுவினர், குறிப்பாக நூஜே, அந்த முறையை நம்பவில்லை. மக்ரித் முன்கூட்டியே யோசித்து, குறிப்புப் படங்கள் கீறிப் பார்த்து, கணக்கு வாத்தியாரைப் போல விடை கண்ட பின்பே துணியில் கைவைப்பார். தனது படங்கள் கனவென்றால் அவை உறங்கச் செய்யும் கனவுகளல்ல, விழிக்கச் செய்பவை என்ற கருத்துப்பட அவர் பேசியிருக்கிறார். இந்த ஓவியத்தைப் பற்றி 1956இல் கூறும்போதும், இரவையும் பகலையும் ஒருசேர நினைவூட்டுவதற்கு நம்மை வியக்க வைத்து மயக்கும் ஆற்றல் உண்டு, அந்த ஆற்றலையே தான் கவிதை என்பதாகச் சொன்னார். மர்மத்தை அவர் விடுகதையாகக் கருதவில்லை. விடை தெரிந்ததும் விடுகதை செத்துவிடும். மரத்தின் சூட்சுமத்தை எனது மாணவர்கள் கண்டுபிடித்த பின்பும் அந்தப் படத்தில் எதுவும் குறையவில்லை என்பதை நான் நேரே கண்டேன். கனவில் நடவாதது நடக்கும்போது நாம் வியப்பதில்லையல்லவா? மௌத்தானவர் வந்து கதிரையில் அமர்ந்தால் தேநீர் கொடுக்கிறோம். விழித்த பிறகுதான் உலுக்குகிறது. இந்த ஓவியத்தில் அந்த இரண்டும் ஒரே பார்வைக்குள் நடக்கின்றன: வகுப்பு அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒரு நிமிடம் கனவு, “பகலா ராவா?” என்ற கேள்வி விழிப்பு.

ஒன்றோடு அவர் நிறுத்தவில்லை. 1949இலிருந்து பதினைந்து வருடங்களுக்கும் மேலாக, எண்ணெய் வர்ணத்தில் 17, கோவாஷ் எனப்படும் நீர்வர்ணத்தில் 10 என்று இதே காட்சியை மாற்றி மாற்றி வரைந்தார். முதலாவதை 1950இல் வாங்கியவர் நெல்சன் ரொக்கபெல்லர். 1954 வெனிஸ் கண்காட்சியில் ஒன்று வைக்கப்பட்டபோது அதைத் தமக்கென்று நம்பியிருந்தவர்கள் பலர். பெகி குகன்ஹைம் அம்மையார் அதை வாங்கிக்கொள்ள, ஏமாந்தவர்களைச் சமாதானப்படுத்த மக்ரித் இன்னும் சிலவற்றை வரைந்து கொடுத்தார். கேட்டவருக்கெல்லாம் ஒரே படத்தை வரைவது வியாபாரமில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. வியாபாரமும் இருந்திருக்கலாம். ஆனால் எனது நூலில் இருக்கும் நான்கு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வீடு கிட்ட வருகிறது, தூரப் போகிறது, தண்ணீர் வருகிறது, மரம் உயர்கிறது. ஒரு கேள்வியை விடாமல் கேட்பவரின் கையாகவே அது எனக்குத் தெரிகிறது.

அவர் 1967 ஓகஸ்ட் 15இல் காலமானார். 1973இல் ‘எக்ஸோர்சிஸ்ட்’ என்ற திகில் படத்தில் பாதிரியார் தெரு விளக்கின் கீழ் வந்து நிற்கும் காட்சி இந்த ஓவியத்திலிருந்து பிறந்தது. அந்தச் சுவரொட்டியைக் கண்டவர்கள் பலர், ஓவியத்தைக் கண்டவர்கள் சிலர். 2022 மார்ச்சில் லண்டனில் இந்த வரிசையில் ஒன்று ஏறத்தாழ 59 மில்லியன் பவுணுக்கும், 2024 நவம்பரில் நியூயோர்க்கில் 1954ஆம் ஆண்டின் ஒன்று 121 மில்லியன் டொலருக்கும் ஏலம் போயின. சர்ரியலிச ஓவியமொன்றுக்கு அதுவரை கிடைத்திராத விலை அது. சாப்பாட்டறை மூலையில் வரைந்தவரின் கதை இப்படிப் போயிற்று. வெனிஸிலும் பிரசெல்ஸிலும் நியூயோர்க்கிலும் பொது நூதனசாலைகளில் இருப்பவற்றை எவரும் பார்க்கலாம். வெனிஸில் இருப்பது 195 சென்ரிமீற்றர் உயரம். அதாவது ஓர் ஆள் நின்று நுழையக்கூடிய கதவளவு. எனது பிரதி கொப்பித் தாளளவு.

பின்னர் சொல்வதாகச் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன். 2011ஆம் ஆண்டு. எங்கள் பாடசாலையில் சித்திர ஆசிரியர் இல்லாததால் அந்தப் பாடமும் என் தலையில் இருந்தது. ‘எங்கள் வீடு’ என்று தரம் 6 பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்தேன். ஒரு சிறுமி ஓலை வேலியும் கிணறும் கீறி, மேலே சூரியனைக் கீறி, வாசற்படியில் குப்பி விளக்கொன்றையும் எரிய வைத்திருந்தாள். விளக்கைச் சுற்றி மட்டும் கறுப்புப் பென்சிலால் கை வலிக்க வலிக்கத் தீட்டியிருந்தாள். பகலில் விளக்கு எதற்கு என்று கேட்டேன். “வாப்பா கடலால வரல்ல சேர். உம்மா நூக்கல்ல” என்றாள். மூன்று நாட்களாக வரவில்லையாம். வந்து சேர்ந்துவிட்டாரா என்று கேட்கும் புத்தி எனக்கு இருந்தது, அல்ஹம்துலில்லாஹ், வந்துவிட்டிருந்தார். ஆனாலும் சூரியன் இருந்தால் விளக்கு இருக்கக் கூடாது என்று சிவப்புப் பேனையால் விளக்கின் மேல் ஒரு கோடிழுத்து, பத்துக்கு நான்கு போட்டேன். கலாசாலையில் வாங்கிய அந்த மூன்று தாள்களும் அப்போதும் என் வீட்டு அலுமாரியில்தான் இருந்தன.

அவள் இப்போது எங்கள் ஊரிலேயே இருக்கிறாள். கண்டால் ஸலாம் சொல்வாள். அந்தக் கொப்பி அவளிடம் இருக்கிறதா என்று நான் கேட்டதில்லை.

மக்ரித்தின் பிரதியை வகுப்பறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். யன்னல் வெயில் பட்டுப் பட்டு மேற்பாதியின் நீலம் வெளிறத் தொடங்கிவிட்டது. கீழ்ப்பாதி அப்படியே இருக்கிறது. அடுத்த தவணை தொடங்குமுன் இன்னொரு பிரதி எடுக்க வேண்டும்.